இருபதுக்குப் பத்தொன்பது

கணினியில் நிரல் ஓடியது. முடிந்தது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. சத்தமும் வரவில்லை.

"அருமை அத்தான்," என்றாள் சின்னவள். "சத்தமே வராத காது டெஸ்ட். இனிமே எல்லாரும் ஃபெயில்."

சின்னவள் என் மனைவியின் தங்கை. இரண்டு தெரு தள்ளி, கணவனோடு இருக்கிறாள். மருந்துக்கடையில் வேலை. வேலை முடிந்து போகிற வழியில் எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, நாங்கள் இருவரும் உயிரோடுதான் இருக்கிறோமா என்று சரிபார்த்துவிட்டுப் போவாள். இருவர் என்பது நானும் மாமாவும். மாமா என் மனைவியின் அப்பா. என் மனைவி இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு யார் எங்கே போவது என்று நாங்கள் பேசவில்லை. பேசாததால் இருவரும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டோம். முன்னறையில் அவர், பின்னறையில் நான். சமையல் அவர், பாத்திரம் நான். ஒரு நாளைக்கு இரண்டு பேருமாக இருபது வார்த்தை பேசினால் அதிகம். அதில் பாதி கதவைப் பூட்டியாயிற்றா என்பது பற்றி.

மாமா கன்டெய்னர் கிடங்கில் கிரேன் ஓட்டுகிறார். முப்பத்தோரு வருடம். அங்கே அவருக்குக் கழுகு என்று பெயர். மேலே கூண்டில் உட்கார்ந்தபடி கீழே நிற்கும் லாரியின் எண்பலகையில் அழிந்துபோன எழுத்தையும் படித்துவிடுவார். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அதுவரை கூண்டைவிட்டு இறங்கும் எண்ணம் அவருக்கு இல்லை.

அவரை இறக்கக்கூடியது ஒன்றுதான். வருடா வருடம் நடக்கும் மருத்துவப் பரிசோதனை. காது தேறவில்லை என்றால் கூண்டு இல்லை. வாசலில் நாற்காலி போட்டு, வருகிற லாரிகளின் எண்ணை எழுத வேண்டியதுதான். இதுவரை கம்பெனி டாக்டர் முதுகுக்குப் பின்னால் நின்று ரகசியக் குரலில் நான்கு சொற்கள் சொல்வார். மாமா திருப்பிச் சொல்வார். எல்லா வருடமும் அதே நான்கு சொற்கள். இந்த வருடம் டாக்டர் ஓய்வுபெற்றுவிட்டார். மெஷின் வந்துவிட்டது. மூடிய அறை, ஹெட்போன், ஒவ்வொரு காதுக்கும் தனித்தனி விசில். வருகிற வெள்ளிக்கிழமை.

"நீங்க டிவி வைக்கிற சத்தத்துல எங்க வீட்ல நான் செய்தி கேட்டுக்கிறேன்பா," என்று சின்னவள்தான் ஆரம்பித்தாள். "அத்தான் ஒரு டெஸ்ட் எழுதித் தரட்டும். வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி வீட்லயே பார்த்துடலாம்."

"எனக்கு எதுக்குடி. ஊசி விழுந்தா கேக்கும்."

"விழுற இடத்தையே பார்த்துக்கிட்டிருந்தா கேக்கும்."

எனக்கு வேலை கொடுப்பதை அவள் ஒரு கொள்கையாக வைத்திருந்தாள். சும்மா விட்டால் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவேனாம். நான் எழுதும் நிரல்கள் தண்ணீர் மீட்டர் அளவுகளைச் சரிபார்ப்பவை. பைதான் என்ற கணினி மொழியில் எழுதுகிறேன். அவை எதுவும் வாய் திறக்காது. ஒலி எனக்குப் புதிது.

சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து மறுபடி பார்த்தேன். விசிலை அடி என்று சொல்லும் வரி, விசிலை ஒலிக்கருவியிடம் ஒப்படைத்துவிட்டு உடனே திரும்பிவிடுகிறது. அதற்கு அடுத்து வரி இல்லை. நிரல் முடிகிறது. முடிகிற நிரல், இன்னும் தொடங்காத விசிலையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. 'அது முடியும்வரை இரு' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அவ்வளவுதான்.

சின்னவளுக்குச் சொன்னேன்.

"அதாவது, பாடுன்னு சொல்லிட்டு, பாடுறதுக்கு முன்னாடி விளக்கை அணைச்சுட்டுக் கிளம்பிட்டீங்க."

"ஆமா."

"உங்க நிரல் உங்களை மாதிரியேதான் இருக்கு அத்தான்."

வரியைச் சேர்த்து ஓட்டினேன். லேப்டாப் கீச்சென்று ஒரு விசில் அடித்தது. சின்னவள் தோளைக் குலுக்கிக்கொண்டாள். செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மாமா அவளைப் பார்த்தார், பிறகு லேப்டாப்பைப் பார்த்தார். "நல்லா இருக்கு," என்றார்.

அன்று சனிக்கிழமை. மிச்ச வேலையைப் பின்னறையில், என் மேஜையில் செய்தேன். லேப்டாப்பைப் பெரிய மானிட்டரோடு இணைத்து வேலை செய்வது என் வழக்கம். ஒரே கோப்பில் இருந்ததை இரண்டாகப் பிரித்தேன். விசில் அடிப்பது ஒரு கோப்பு; அதை மாட்யூல் என்போம். சோதனையை நடத்துவது இன்னொரு கோப்பு. அது அந்த மாட்யூலை இம்போர்ட் செய்து, அதாவது உள்ளே அழைத்து, பயன்படுத்திக்கொள்ளும். யாரும் கேட்கவில்லை. எழுதிப் பழகிய கை பிரிக்காமல் விடாது. சத்தம் ஹெட்போனுக்குத்தான் போக வேண்டும் என்று மாட்யூலில் ஒரு வரி எழுதினேன். மாட்யூலை ஓட்டினேன். இடது காதில் ஒரு விசில். வலது காதில் ஒரு விசில். சரி.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமாவை உட்கார வைத்தேன். திரை தெரியக் கூடாது என்பதற்காக, திரைக்கு முதுகு காட்டி நாற்காலியைப் போட்டேன். மொத்தம் இருபது விசில், எப்போது வரும் என்று சொல்ல முடியாத இடைவெளியில். இடது காதில் கேட்டால் இடது கை. வலது காதில் கேட்டால் வலது கை. நான் கணக்கு வைத்துக்கொள்வதற்காக, ஒவ்வொரு விசிலுக்கும் திரையில் ஒரு குறி தோன்றும். இடது விசில் என்றால் திரையின் இடது ஓரத்தில், வலது என்றால் வலது ஓரத்தில்.

முதலில் மாட்யூலை ஓட்டி ஹெட்போனை என் காதில் வைத்துப் பார்த்தேன். விசில் வந்தது. ஹெட்போனை அவர் தலையில் மாட்டினேன். சோதனையைத் தொடங்கினேன்.

கை தூக்கினார். பதினேழு முறை. பதினேழும் எதிர்க்கை.

"ஹெட்போனைத் திருப்பி மாட்டிட்டேன் மாமா," என்றேன். "என் தப்பு."

அவர் கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தார். "பரவாயில்லை மாப்பிள்ளை," என்றார். "நாளைக்குச் சரியா வரும்."

சரியாகத்தான் வந்தது. திங்கட்கிழமை பதினெட்டு. செவ்வாய்க்கிழமை பத்தொன்பது. தேற வேண்டியது பதினாறு. முதல் நாள் பதினேழையும் கை மாற்றிக் கணக்கில் சேர்த்து, சின்னவள் மூன்று நாள் மதிப்பெண்ணையும் மருந்துச்சீட்டின் பின்பக்கம் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினாள். "நான் ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கினப்போ நீங்க இப்படி ஒட்டலையேப்பா," என்றாள். மாமா சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

புதன்கிழமை மாலை சின்னவள் பைகூட வைக்காமல் நேரே பின்னறைக்கு வந்தாள்.

"எனக்கும் போடுங்க அத்தான். அப்பா மட்டும்தான் பாஸ் பண்ணணுமா?"

மாட்யூலை ஓட்டிப் பார்த்து, ஹெட்போனைக் கொடுத்தேன். அவள் திரைக்கு முதுகைக் காட்டி, கண்ணை மூடி, கைகளை முழங்காலில் வைத்து உட்கார்ந்தாள். திரையில் குறிகள் விழத் தொடங்கின. ஒன்று. இரண்டு. மூன்று. அவள் அசையவில்லை.

"ஆரம்பிங்க அத்தான். கடை திறக்கப் போகணும் நாளைக்கு."

"ஆரம்பிச்சாச்சு. ஆறு போயாச்சு."

கண்ணைத் திறந்தாள். "எது ஆறு?"

அறை வாசலில் நின்ற மாமா சத்தமாகச் சிரித்தார். "இருபத்தெட்டு வயசுலயே போச்சா? உங்க கடையில காதுக்குச் சொட்டு மருந்து இருக்கான்னு பாரு."

"சும்மா இருங்கப்பா." அவள் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். இருபதும் முடிந்தது. பூஜ்யம். அவள் முகத்தில் கேலி இல்லை. "அத்தான், எனக்கு ஒண்ணுமே கேக்கலை. நிஜமா."

ஹெட்போனை வாங்கி நான் மாட்டிக்கொண்டேன். சோதனையை ஓட்டினேன். குறிகள் ஒழுங்காக விழுந்தன. காதில் என் மூச்சு மட்டும் கேட்டது.

நான் மூன்று நாளாக மாட்யூலைக் கேட்டிருக்கிறேன். சோதனையைக் கேட்டதே இல்லை. அது ஓடும்போதெல்லாம் ஹெட்போன் மாமாவின் தலையில் இருந்தது.

மாட்யூலை ஓட்டினேன். விசில் வந்தது. சோதனையை ஓட்டினேன். வரவில்லை. ஒரே விசில், ஒரே ஹெட்போன். தனியாக ஓடினால் வாய் திறக்கிறது. இன்னொருவர் கூப்பிட்டால் திறப்பதில்லை. சத்தத்தை எங்கே அனுப்புகிறாய் என்று சோதனையையே கேட்கும்படி ஒரு வரி எழுதினேன். மானிட்டருக்கு என்று பதில் வந்தது.

பைதானில் ஒரு வசதி உண்டு. கோப்பை நேரடியாக ஓட்டும்போது மட்டும் வேலை செய்ய வேண்டிய வரிகளை அடியில் தனியாக ஒதுக்கி வைக்கலாம். வேறு கோப்பு இம்போர்ட் செய்தால் அந்தப் பகுதி ஓடாது. நான் ஹெட்போன் வரியை அந்த ஒதுக்கத்துக்குள் எழுதியிருந்தேன். அதனால் சோதனை ஓடும்போது ஹெட்போன் பேச்சே எழவில்லை. கணினி தனக்குத் தெரிந்த முதல் ஒலிக்கருவிக்குச் சத்தத்தை அனுப்பியது. அது மானிட்டர். என் மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது. ஆனால் கேபிள் வழியாகக் கேட்டால், ஒலிக்கு நான் தயார் என்றுதான் அது சொல்லும். இருபது விசிலும் ஒழுங்காக அடிக்கப்பட்டு, ஒழுங்காகப் போய்ச் சேர்ந்து, அங்கே யாரும் இல்லாமல் முடிந்திருக்கின்றன. பிழைச் செய்திக்கு வேலையே இல்லை.

"மூணு நாளும் சத்தம் மானிட்டருக்குத்தான் போயிருக்கு," என்றேன். "ஹெட்போன்ல எதுவும் வந்திருக்காது."

"அப்பாடா," என்றாள் சின்னவள். "காது இருக்கு."

மாமா வாசலிலிருந்து உள்ளே வந்தார். என் முகத்துக்கு நேரே நின்றார்.

"அப்ப சத்தமே வரலையா?"

"இல்ல மாமா."

"ஞாயித்துக்கிழமையும்?"

"ஞாயித்துக்கிழமையும்."

அவர் கட்டிலின் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தார். நல்ல செய்தி கேட்டவர் மாதிரி இருந்தார். சின்னவள்தான் முதலில் விரலை மடக்கினாள்.

"இருங்க. சத்தமே வரலைன்னா அப்பா எப்படி இருபதுக்குப் பத்தொன்பது வாங்கினார்?"

நான் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரே கண்ணாடிக் கதவு போட்ட புத்தக அலமாரி. கண்ணாடியில் என் தலை. தலைக்கு மேலே மானிட்டர். இடது ஓரத்துக் குறி எனக்கு வலது பக்கம் தெரிந்தது.

"முதல் நாள் கை மாறிப்போச்சு," என்றார் மாமா. "கண்ணாடின்னு யோசிக்கலை. நீங்க ஹெட்போன்மேல பழியைப் போட்டதும்தான் விஷயம் புரிஞ்சுது."

"அடப்பாவி அப்பா," என்றாள் சின்னவள்.

"பத்தொன்பது எதுக்கு மாமா? இருபதும் தெரிஞ்சிருக்குமே."

"இருபதுக்கு இருபதுன்னா நீங்க சந்தேகப்படுவீங்க. மீட்டர் பார்க்கிற மனுஷன். அதான் ஒவ்வொண்ணாக் கூட்டினேன்."

சின்னவள் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வலது காது மந்தமாகி மூணு வருஷம் இருக்கும். அது எனக்குத் தெரிஞ்சதுதான். ஆனா ஞாயித்துக்கிழமை அந்த ஹெட்போனை மாட்டினதும் ஒண்ணுமே இல்லை. ரெண்டு காதுலயும். சரி, மொத்தமா முடிஞ்சுதுன்னு நினைச்சுக்கிட்டேன். அதுலேர்ந்து தூக்கமே இல்லை."

"சொல்லியிருக்கலாமே மாமா."

"யார்கிட்ட?" என்றார். குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

பிறகு, "பெரியவளுக்குத் தெரியும்," என்றார்.

பெரியவள் என்றால் என் மனைவி. சாப்பாட்டு மேஜையில் நான் எதையாவது சொன்னால், "அவர் என்ன சொல்றார்னா அப்பா" என்று அவள் ஒரு முறை உரக்கத் திருப்பிச் சொல்வாள். நான் முணுமுணுப்பதைக் கேலி செய்கிறாள் என்றே நினைத்திருந்தேன். அவள் போன பிறகு யாரும் திருப்பிச் சொல்லவில்லை. திருப்பிச் சொல்லும்படி நானும் எதுவும் பேசவில்லை.

ஹெட்போன் வரியை ஒதுக்கத்திலிருந்து வெட்டி மாட்யூலின் மேலே ஒட்டினேன். ஒரு நிமிட வேலை. இந்த முறை முழுச் சோதனையையும் நானே மாட்டிக் கேட்டேன். பிறகு சின்னவள். இருபதுக்கு இருபது. பிறகு அவள் படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்து அலமாரியின்மேல் போட்டாள்.

"அதுக்கு எதுக்குடி போர்வை? குளிருதா?"

"ஆமாப்பா. உட்காருங்க."

முதல் விசில் இடது காதுக்கு, தணிந்த சுருதி. மாமா கையைத் தூக்கினார். தூக்கிய கையோடு திரும்பிப் பார்த்தார்.

"இதுதானா? இது கேக்குதே."

"திரும்பாதீங்க மாமா."

இடது காதில் ஆறு. வலது காதில் மூன்று. சுருதி ஏறஏறக் கை கீழேயே இருந்தது. மொத்தம் ஒன்பது. நான் எண்ணைச் சொன்னதும் அவர் தலையாட்டினார்.

"பூஜ்யத்துக்கு ஒன்பது மேல்," என்றார். பிறகு, "வெள்ளிக்கிழமை அந்த ரூம்ல ஒரு சன்னலாவது இருக்குமில்ல?"

"அப்பா."

"ரெண்டே வருஷம்தான்டி. அப்புறம் நானே இறங்கிடுவேன்."

நான் கேட்டேன். "மேல வாக்கிடாக்கியில சொல்றதெல்லாம்?"

"அது கரகரன்னு இருக்கும். நான் ஒல்லியோட கையைப் பார்ப்பேன்." ஒல்லி கீழே நின்று அவருக்குச் சைகை காட்டுபவர். பன்னிரண்டு வருடமாக இருவரும் சேர்ந்து வேலை செய்கிறார்கள்.

"அவர் கை தெரியாத இடத்துல நின்னா?"

மாமா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதன் பஞ்சை விரலால் அழுத்தினார். பிறகு சொன்னார். போன மாதம் ஒல்லி ஒரு லாரிக்குப் பின்னால் போய்விட்டார். அங்கிருந்து வாக்கிடாக்கியில் நில், நில் என்று கத்தியிருக்கிறார். பெட்டி இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. ஒல்லி கீழே படுத்து உருண்டு வெளியே வந்தார். தூசியைத் தட்டிக்கொண்டு, வாக்கிடாக்கியில் சார்ஜ் இல்லை போலிருக்கிறது என்று தானே ஒரு காரணத்தையும் சொல்லிவிட்டார்.

"நானும் ஆமான்னேன்," என்றார் மாமா.

சின்னவள் அவர் மடியிலிருந்த ஹெட்போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

எனக்குப் பேச வராது. தெரிந்த விஷயத்தைச் சொன்னேன். "பிழைச் செய்தி வந்தா பயமில்ல மாமா. எந்த வரியில தப்புன்னு அதுவே சொல்லிடும். எல்லாம் சரியா நடக்குதுன்னு காட்டிக்கிட்டே சத்தம் மட்டும் வராம இருக்கு பாருங்க. அதைத்தான் கண்டுபிடிக்க முடியாது. யாராவது அடிபட்ட பிறகுதான் தெரியும்."

"அது நான்தான்ங்கிறீங்க."

"என் நிரலைச் சொன்னேன்."

"நிரலைத்தான். தெரியுது." எழுந்து முன்னறைக்குப் போனார். அன்று அவர் டிவி போடவில்லை.

வெள்ளிக்கிழமை நானும் போனேன். என்னை வரச் சொல்லவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கிடங்கின் மருத்துவ அறைக்கு வெளியே பச்சை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடம் கழித்து ஒரு தாளோடு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சன்னல் இருந்துச்சு," என்றார். "மெஷின் ஓட்டுற பொண்ணு கை அதுல நல்லாத் தெரிஞ்சுது."

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன். நல்ல கை. மோதிரம்கூடப் போட்டிருக்கா."

காத்திருந்தேன்.

"கேட்டதுக்கு மட்டும்தான் பட்டனை அமுக்கினேன்."

தாளை என்னிடம் கொடுத்தார். கூண்டு வேலைக்குத் தகுதியில்லை. காது கருவி பொருத்திக்கொண்டு, இன்றிலிருந்து ஆறு வாரம் கழித்து மறு பரிசோதனைக்கு வரலாம். மறு பரிசோதனை அறையில் இல்லை, கிரேன் நிற்கும் யார்டில். பாதுகாப்பு அதிகாரி கண்ணில் படாத இடத்தில் நின்று வாக்கிடாக்கியில் மட்டும் சொல்வார். ஒரு கட்டளை தவறினாலும் கூண்டு நிரந்தரமாகப் போய்விடும். அதுவரை வாசல் நாற்காலி.

"ஒல்லிகிட்டயும் நேத்தே சொல்லிட்டேன்," என்றார். "ஒரு மணி நேரம் திட்டினான். அதுல பாதி கேக்கலை."

அடுத்த வாரம் கருவி வந்தது. காதுக்குப் பின்னால் அவரைக்கொட்டை அளவில் ஒன்று. அதை மாட்டிக்கொண்டு முதல் முறையாகச் சாப்பிட உட்கார்ந்தபோது, கையைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க இப்படியா மெல்லுவீங்க மாப்பிள்ளை? இத்தனை நாள் தெரியாமப் போச்சே."

நான் மெதுவாக மென்றேன்.

"பயிற்சி வேணும்," என்றார். "கருவி கேக்குது. ஆனா எது பேச்சு, எது பாத்திரம்னு மண்டைக்கு இன்னும் பிரிக்கத் தெரியலை. தினம் ஒரு மணி நேரம் நீங்க பேசணும்."

"சின்னவளைப் பேசச் சொல்லுங்களேன்."

"அவ பேசுறது காதுல பஞ்சு வச்சாலும் கேக்கும். எனக்கு உங்க குரல்தான் வேணும். அது கேட்டுடுச்சுன்னா எவன் குரலும் கேட்டுடும்."

தினமும் மாலை அவர் முன்னறையில் சுவரைப் பார்த்து உட்கார்வார். கையில் துடைப்பக் கட்டை. கட்டையின் நுனியில் கயிறு, கயிற்றில் ஒரு துணிப்பை. அதுதான் கிரேன். நான் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசுவேன். அவர் போனை ஸ்பீக்கரில் போட்டு, கரகரப்புக்காக மின்விசிறியையும் ஓட விட்டிருப்பார்.

"தூக்குங்க மாமா," என்றேன் முதல் நாள்.

"கிரேனுக்கு மரியாதையெல்லாம் கிடையாது. தூக்குன்னு சொல்லுங்க."

"உங்களைப் போய் எப்படி?"

"மேல ஏறிட்டா நான் மாமனார் இல்லை."

"தூக்கு," என்றேன்.

"என்ன?"

"தூக்கு."

"கேக்கலை. ஒல்லி இப்படிப் பேசினா அவன் மேலேயே பெட்டியை வச்சிருப்பேன்."

"தூக்கு மாமா."

"மாமாவை விடுங்க. ஆனா இது கேட்டுச்சு."

சின்னவள் வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள். அவளுடைய அப்பா துடைப்பத்தைத் தூக்கிப் பிடித்திருந்தார். பின்னறையிலிருந்து நான் அவரை ஒருமையில் அதட்டிக்கொண்டிருந்தேன். எதுவும் கேட்காமல் துணிப்பைக்குள் இரண்டு வெங்காயத்தைப் போட்டுவிட்டு, "கனம் இல்லாம எப்படிப்பா பழக்கம் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கட்டளைகள் நான்கோ ஐந்தோதான். தூக்கு, இறக்கு, இடது, வலது, நில். இரண்டு நாளில் தீர்ந்துவிட்டது. நடுநடுவே பேச்சும் வேண்டும் என்றார். ஒல்லி கதை சொல்லிக்கொண்டே இருப்பானாம்; திடீரென்று நில் என்பானாம். கதைக்குள்ளிருந்து அதைப் பிடிக்க வேண்டும். அதனால் நானும் கதை சொல்ல வேண்டியதாயிற்று. பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டின் மீட்டர் தினமும் ஓடுவதைச் சொன்னேன். அங்கே ஒரு குழாய் மூன்று மாதமாகத் திறந்திருந்ததைச் சொன்னேன். நில். அவர் நிறுத்தினார். என் மேலதிகாரி கூட்டத்தில் தூங்கியதைச் சொன்னேன். நில். நிறுத்தினார். சொல்ல எதுவும் மிச்சமில்லாத ஒரு நாள் என் மனைவியைப் பற்றிச் சொன்னேன்.

"நான் சொன்னதை அவ உங்களுக்குத் திருப்பிச் சொல்லுவா இல்ல மாமா. அப்படியே சொல்ல மாட்டா. மாத்திடுவா. சாப்பாடு பரவாயில்லைன்னு நான் சொன்னா, பிரமாதம்னு சொல்றார்ப்பான்னு சொல்லுவா."

போனில் மின்விசிறியின் சத்தம் மட்டும் வந்தது.

"அப்ப அத்தனை நாளும் என் சமையலைப் பாராட்டினது நீங்க இல்லையா?"

"இல்ல மாமா."

"ஒரு நாள்கூடவா?"

யோசித்தேன். "ஒரு தடவை. கத்திரிக்காய்."

முன்னறையில் துடைப்பம் கீழே விழும் சத்தம் கேட்டது. அவர் சிரிக்கிறார் என்று நினைத்தேன். சிறிது நேரம் கழித்துத்தான் அது சிரிப்பு மட்டும் இல்லை என்று தெரிந்தது. நான் போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கிரேன் இன்னிக்கு லீவு," என்றார்.

மறுநாள் மறுபடி தூக்கு, இறக்கு.

மறு பரிசோதனை அன்று என்னை வேலிக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். கிரேன் தெரிந்தது. கூண்டில் அவர் உருவம் தெரிந்தது. அதிகாரி எங்கே நின்றார் என்று தெரியவில்லை. அவர் சொன்னதும் எனக்குக் கேட்கவில்லை. ஒரு நீலப் பெட்டி மேலே போனது. இடது பக்கம் நகர்ந்தது. கீழே இறங்கத் தொடங்கியது. பாதி வழியில் சட்டென்று நின்றது. கயிறு லேசாக ஆடியது. பெட்டி அங்கேயே இருந்தது, எவ்வளவோ நேரம். பிறகு இறங்கியது. இப்படி எட்டு முறை.

அவர் ஏணியில் இறங்கி வந்தார். ஒல்லி பக்கத்தில் நடந்துகொண்டே கையை ஆட்டி ஆட்டி எதையோ விவரித்தார். மாமா அவர் கையைப் பார்க்காமல், பாதையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டி வந்தார். வேலிக்குப் பக்கத்தில் வந்ததும், "திங்கட்கிழமையிலேர்ந்து மேல," என்றார்.

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். ஐந்து வாரம் கத்தியதில் தொண்டை கட்டியிருந்தது. வெறும் காற்றுதான் வந்தது.

மாமா கருவிக்குப் பின்னால் கையைக் குவித்து, வேலியோரம் குனிந்தார்.

"என்ன? கேக்கலை," என்றார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னொரு தடவை சொன்னேன்.